ராஜகேசரிப் பெருவழி: நம்ம பக்கத்துல ஒரு நடை

1/ சுகர், பிரஷர்காரங்ககிட்ட "தினமும் நடங்க"ன்னா, "எங்கீங்க நடக்கறது?"ன்னு கேக்கறாங்க. தொண்டாமுத்தூர்ல இருந்து பேரூர் தாண்டினா சுண்டக்காமுத்தூர். ஒருநாள் அந்த மலைக்குப் போங்க.

2/ அங்கே பாறையில் ஒரு கல்வெட்டு. வட்டெழுத்திலும் தமிழிலும் சோழனை வாழ்த்தும் வெண்பா. சாலையின் பெயர் ராஜகேசரிப் பெருவழி. 9ஆம் நூற்றாண்டு, முதலாம் ஆதித்த சோழன் காலம் என்பது ஆய்வாளர் கருத்து.

3/ வழி அதைவிடப் பழசு. பாலக்காட்டுக் கணவாய் வழியா சேரர் கடற்கரைக்கு வணிகர்கள் போன பாதை. வெள்ளலூரில் 1842ல் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசு மட்டுமே 500க்கு மேல்.

4/ அதே ரோமானியர் இங்கிலாந்தில் கட்டிய ஹாட்ரியன் சுவரை ஒட்டி 135 கி.மீ. நடைபாதை இருக்கு. அதுல மக்கள் நடக்கறாங்க.

5/ நாம நடக்காட்டி நம்ம வழி மறந்தே போயிரும். போங்க. எழுத்து மேல சுண்ணாம்பு தடவாதீங்க. போட்டோ எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டுங்க.