முடவாட்டுக்கால் கிழங்கு

கொல்லிமலையில் மூட்டுவலிக்கு சூப் வைத்துக் குடிக்கும் ஒரு பெரணியின் தண்டு. சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், அரப்பளீஸ்வரர் கோயில் பக்கத்துக் கடைகளில் குவித்து வைத்திருப்பார்கள். 'ஆட்டுக்கால் கிழங்கு' என்றும் சொல்வதுண்டு. அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா.

பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் இதன் தண்டைப் பழுப்பு மயிர் மூடியிருக்கும். அதைச் சீவிவிட்டு, துண்டுபோட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு இடித்துக் கொதிக்கவைத்து வடிகட்டினால் சூப்.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. தண்டில் ஃபிரீடலின், பீட்டா-சிட்டோஸ்டெரால், நரிஞ்சின் முதலியவை கண்டறியப்பட்டுள்ளன. கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தண்டுச் சாறு ஆய்வக விலங்குகளுக்கு வீக்கத்தையும் வலியையும் குறைத்தது. ஆனால் எலியின் பாதத்தில் எரிச்சலூட்டும் பொருளைச் செலுத்தி வரவழைக்கும் வீக்கம் சில மணி நேரத்துக்கு உரியது. முழங்கால் தேய்மானமோ பல ஆண்டு நோய். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தகைய சோதனைகளுக்குச் சாற்றைப் பெரும்பாலும் ஆல்கஹால் போன்ற கரைப்பானில்தான் எடுக்கிறார்கள். ஃபிரீடலினும் சிட்டோஸ்டெராலும் தண்ணீரில் கரைவது மிக அரிது. ஆய்வகத்தில் வேலை செய்த சரக்கு சூப் கிண்ணத்துக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது தனிக் கேள்வி.

சீனத்தில் இதன் உறவுச் செடியான டிரைனேரியா ஃபார்ச்சுனையின் ஃபிளேவனாய்டுகளைக் கேப்சூலாக்கி, எலும்பு மெலிவு நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். செடியும் வேறு, நோயும் வேறு. அதைக் கொல்லிமலை சூப்புக்குச் சான்றாகக் காட்டுவது தவறு.

'குடித்தேன், வலி குறைந்தது' என்பவர் பொய் சொல்லவில்லை. தேய்மான வலி தானாகவே ஏறி இறங்கும். பலரும் உச்சத்தில் இருக்கும்போதுதான் மருந்து தேடுவார்கள். வலி சூப்பால் குறைந்ததா, தானாகவே இறங்கியதா என்று பிரித்தறியும் வழி எளிது: அதே மிளகு, சீரகம் போட்டு, கிழங்கு சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு சூப் வைத்து, யாருக்கு எது என்று சொல்லாமல் சில மாதம் கொடுத்து வலியை அளக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களிடம் அப்படிப்பட்ட முறையான சோதனை நடந்து பயன் உறுதியாகும்வரை இதை மருந்து என்று விற்பது நியாயமில்லை. உணவாகக் குடிக்கலாம். காலையில் விரல் மூட்டுகள் நெடுநேரம் விறைத்து வீங்குகிறவர்கள் சூப்பை நம்பி நாள் கடத்தக் கூடாது. முடக்குவாதமாக இருந்தால் தாமதத்தில் அரிக்கப்பட்ட மூட்டு திரும்ப வளராது.