அறநிதித் துண்டறிக்கை: நாஞ்சில் நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

இல்லார் பொருட்டு உடையாரை நோக்கிப் பிறரொருவர் அச்சிட்டு விடுக்கும் வேண்டுகோளே அறநிதித் துண்டறிக்கையாகும். இஃது அச்சுக்கலையோடு வந்த புதுமை என்பாருளர். வடிவம் புதிதே, உள்ளமைப்புத் தமிழுக்குப் புதிதன்று. பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதானை வள்ளலிடத்து வழிப்படுத்துவது ஆற்றுப்படை. செல்லும் வழி, இடைப்படும் ஊர், வள்ளலின் பெயர், பெறக்கூடும் பொருள் ஆகியன அதன்கண் ஐயமற உரைக்கப்படும். துண்டறிக்கையோ கொடுப்பானைப் பெறுவானிடத்து வழிப்படுத்துவது. திசை மாறினும் இரண்டிற்கும் உயிர் தெளிவே. நிதி வேண்டும் முறை எங்ஙனம் பயன்பட்டது, எவ்விடத்துப் பிழைத்தது என்பதனை நாஞ்சில் நாட்டுச் செய்திகளை நடுவாக வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாகர்கோயிலில் இலண்டன் மிசன் சங்கத்தார் 1820ஐ ஒட்டி அச்சகம் நிறுவினர். ஆங்குப் பணியாற்றிய சார்லசு மால்ட்டின் மனைவியார் மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளின் உறைவிடப் பள்ளியில் 1821இல் லேசுப் பின்னல் கற்பிக்கத் தொடங்கினார். இவர்தம் மகளார் எலைசாவே பின்னர்க் கால்டுவெல்லை மணந்தவர். இப்பள்ளிக்குப் பொருள் இருவழியில் வந்தது. முதலாவது, இங்கிலாந்திலுள்ளார் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொள்ளும் முறை. ‘பள்ளிக்கு உதவுக’ என்னும் பொதுவுரையினும் ‘இப்பிள்ளைக்கு இவ்வளவு’ என்னும் சிறப்புரை உள்ளத்தைத் தொடுவது இயல்பு. ஆயின் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கொடையாளர் பெயரே பிள்ளைக்கு இடப்பட்டது. தாய்தந்தையர் இட்ட பெயர் கொடையின் முன் மறைந்தது. இரண்டாவது, பின்னிய லேசை விற்றல். வாங்குவோர் இரக்கத்திற்கன்றிக் கைத்திறனுக்கே பொருள் தந்தனர். திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டு ஆணையால் அடிமைமுறை நீங்குமுன்னரே, அடிமைக் குடியிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வருவாயால் தம்மை மீட்டுக்கொண்டனர். ஒரே பள்ளியில் தோன்றிய இவ்விரு முறைகளுள் பெறுவோர் மதிப்பைக் காத்தது எது என்பது வெளிப்படை.

தமிழ் அச்சறிக்கைகளுள் ஆறுமுக நாவலர் விடுத்த விக்கியாபனங்கள் குறிப்பிடத்தக்கவை. சைவப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நிறுவல், நூல் அச்சிடல் முதலாகத் தாம் கருதிய பணிகளை எடுத்தோதி அவர் சைவ மக்களின் துணையை வேண்டினார். வேண்டுவோன் தன் பெயரோடு முன்னின்று, செய்யவிருப்பதனை அறிவித்தலே இவ்வகை அறிக்கைக்கு நம்பகம் அளிப்பது.

1876–78 பஞ்சத்தின்போது படம் இத்துறையுட் புகுந்தது. வில்லோபி வாலசு ஊப்பர் என்னும் படை அலுவலர் எடுத்த ஒளிப்படங்களில் எலும்புந் தோலுமானவர்கள் வரிசையாக அமர்த்தப்பட்டுள்ளனர். பஞ்சக் காட்சிகள் இங்கிலாந்துச் செய்தித்தாள்களிலும் வெளிவந்தன. இலண்டன் நகரத் தலைவர் திறந்த நிதிக்குப் பெரும்பொருள் சேர்ந்தது. படத்தின் ஆற்றல் இதனால் விளங்கும். எனினும் ஊப்பர் படங்களில் உள்ளார்க்குப் பெயரில்லை, ஊரில்லை. பசி ஒன்றே அடையாளம்.

படம் உள்ளத்தை ஈர்ப்பதோடு பொருளை ஒருபாற் சாய்க்கவும் வல்லது. 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை குமரிக் கடற்கரையைத் தாக்கியபோது இது தெளிவாயிற்று. தமிழகக் கடற்கரை நெடுகிலும் உடைந்த படகே அழிவின் அடையாளமாயிற்று. கொடையாளர் பலரும் படகு வழங்கவே விழைந்தனர். சில இடங்களில் படகுகள் தேவைக்கு மிகுந்ததும், சில தரங்குறைந்திருந்ததும் பின்னர்ப் பதிவாயின. முட்டத்திலோ, பியர் சில்லே என்னும் பெல்சிய நாட்டுப் பொறியாளரின் முயற்சியால், அதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகட்கு முன்னரே ஒட்டுப்பலகைப் படகு கட்டும் தொழில் வேரூன்றியிருந்தது. கடலறிந்தாரைக் கேட்டு எழுதும் அறிக்கை, எவ்வகைப் படகு, எத்தனை, எவர்க்கு என வரையறுக்கும். படகில்லாக் கூலியாளையும் மீன் சுமந்து விற்கும் பெண்ணையும் மறவாது.

இவற்றால் பெறப்படும் இலக்கணம் ஐந்து. ஓர் அறிக்கை ஒரு பணியையே வேண்டுக. தலைப்பிலேயே அப்பணி விளங்குக. தொகையும் அதனால் விளையும் பயனும் அருகருகே நிற்க. பணம் பெறுவார் பெயரும் இடமும், கணக்கு வெளியிடும் நாளும் பொறிக்கப்படுக. படம் இடின், அதில் உள்ளார் இசைவோடு, அவர்தம் தொழிலும் மதிப்பும் தோன்ற இடுக. முதல் நான்கும் பொருள் சேர்ப்பன. ஐந்தாவது அறம் காப்பது.

வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலில் வைத்தார். இரவையும் இரவச்சத்தையும் பொருட்பாலில் அடுத்தடுத்து வைத்தார். பிறர்க்காக இரப்பவன் ஈகைக்கும் இரவிற்கும் இடையே நிற்கின்றான். இரத்தலின் நாணத்தைத் தான் ஏற்றுப் பெறுவோன்மேற் படாது காத்தலே அவன் கடன். அதனைச் செய்யாத துண்டறிக்கை எத்துணைப் பொருள் ஈட்டினும் நல்லறிக்கை ஆகாது என்பது எம் துணிபு.