எலும்பைக் காட்டிய கதிரும் அதைக் கையாண்டவர்களும்



தோட்டத்துக் குடும்பங்களுக்கு எக்ஸ்ரே என்பது புதிய சொல் அன்று. கால் முறிந்தவரையும், நாட்பட்ட இருமல் உள்ளவரையும் தோட்டத்து டிரஸ்ஸர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, "படம் எடுத்துப் பார்க்க வேண்டும்" என்றுதான் சொல்லி அனுப்புவார். செரண்டா வட்டாரத்தில் உள்ளவர்கள் கோலகுபு பாருவுக்கோ சுங்கை பூலோவுக்கோ போய்ப் படம் எடுத்து வருகிறார்கள். பார்த்த டாக்டரின் பெயர் நமக்கு நினைவில் இருக்கும். படம் எடுத்தவரின் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை. இன்றைய பேச்சு அந்தப் பணியாளரைப் பற்றியது. அவருடைய தொழில் போரில் காயம்பட்ட வீரர்களின் நடுவே வளர்ந்தது. அதைப் பாதுகாப்பான தொழிலாக்குவதற்குப் பலர் தம் விரல்களையும் கைகளையும் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள்.

எக்ஸ்ரே வருவதற்கு முன்னர் உடம்பில் பாய்ந்த குண்டை எப்படித் தேடினார்கள் தெரியுமா? காயத்துக்குள் விரலையோ இரும்புக் கம்பியையோ விட்டுத் துழாவினார்கள். 1881ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க நாட்டின் அதிபர் கார்பீல்டு சுடப்பட்டார். டாக்டர்கள் கழுவாத கையை விட்டுக் குண்டைத் தேடினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், உலோகம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து முயன்று பார்த்தார். குண்டு அகப்படவில்லை. காயத்தில் சீழ் வைத்து, செப்டம்பர் மாதம் அதிபர் இறந்துபோனார். ஒரு நாட்டின் அதிபருக்கே இந்தக் கதி என்றால், போர்க்களத்தில் விழுந்த சாதாரணச் சிப்பாயின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழிந்தன. 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர், காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தும், சற்றுத் தள்ளி இருந்த இரசாயனம் பூசிய திரை ஒளிர்வதைக் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒரு கதிர் அட்டையை ஊடுருவிப் போகிறது என்று அறிந்தார். அதன் தன்மை தெரியாததால் எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். டிசம்பர் மாதம் தம் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது, விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. 1901ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தம் கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை எதுவும் கோரவில்லை. ஆகவே ஏழை நாடும் பணக்கார நாடும் அதை ஒன்றுபோல் பயன்படுத்த முடிந்தது.

இந்தக் கதிர் எப்படிப் படம் காட்டுகிறது? மெல்லிய வேட்டியை வெயிலில் பிடித்தால் வெளிச்சம் ஊடே வருகிறது. பலகையைப் பிடித்தால் நிழல் விழுகிறது. எக்ஸ்ரேக்கு நம் சதை மெல்லிய துணியைப் போன்றது. சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு பலகையைப் போன்றது. ஈயக் குண்டோ கற்சுவரைப் போன்றது. அந்த நிழல்களின் பதிவே நாம் பார்க்கும் படம்.

குண்டையும் முறிந்த எலும்பையும் காட்டும் கதிர் ஒன்று கிடைத்தால், அதை முதலில் விரும்பி எடுத்துக்கொள்பவர்கள் யாராக இருப்பார்கள்? இராணுவ மருத்துவர்கள்தாம். 1897ஆம் ஆண்டு, அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் திரா என்னும் மலைநாட்டில் சண்டை நடந்தது. பீவர் என்னும் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவர் எக்ஸ்ரே கருவியை அந்த மலைகளுக்கே கொண்டுபோய், காயம்பட்டவர்களைப் படம் எடுத்தார். கண்டுபிடிப்பு நடந்து இரண்டே ஆண்டுகளில் கருவி களத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. அப்போது அமெரிக்க இராணுவம் மருத்துவமனைகளில் மட்டுமின்றி மருத்துவக் கப்பல்களிலும் எக்ஸ்ரே கருவிகளை வைத்தது.

அந்தப் போரில் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிசெய்த ஒரு பெண்ணின் கதையை நீங்கள் கேட்க வேண்டும். அவர் பெயர் எலிசபெத் பிளைஷ்மன். 1867ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், குடியேறி வந்த எளிய குடும்பத்தில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலே வேலைக்குப் போனவர். கணக்கு எழுதும் வேலை செய்தவர். 1896ஆம் ஆண்டு எக்ஸ்ரேயைப் பற்றிய செய்தி அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. மின்சாரவியலில் பயிற்சி பெற்று, கருவி வாங்கி, சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் எக்ஸ்ரே நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் டாக்டர் அல்லர். படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட முதல் தலைமுறைப் பெண்களில் ஒருவர்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் சண்டையிட்டுக் காயத்தோடு திரும்பிய வீரர்கள் சான்பிரான்சிஸ்கோவில் வந்திறங்கினார்கள். இராணுவ மருத்துவர்கள் அவர்களைப் படம் எடுக்க இந்தப் பெண்ணிடம் அனுப்பினார்கள். தலைக்குள் குண்டு தங்கியும் உயிரோடு திரும்பிய ஒரு சிப்பாயையும் அவர் படம் எடுத்தார். அப்படங்களின் தெளிவு இராணுவத்தின் தலைமை மருத்துவரையே வியக்க வைத்தது. அந்தப் போரில் எக்ஸ்ரே பயன்பட்ட விதத்தைப் பற்றி 1900ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவ மருத்துவத் துறை வெளியிட்ட நூலில் அவர் எடுத்த படங்கள் இடம்பெற்றன.

அந்த நாளில் கதிரைத் தடுக்கும் ஈய உடுப்போ சுவரோ கிடையாது. ஒரு படத்துக்குப் பல நிமிட நேரம் கதிர் பாயவேண்டி இருந்தது. குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குப் பணியாளர்கள் தம் கையையே கதிருக்கு எதிரில் நீட்டிப் பார்த்தார்கள். நாளுக்குப் பலமுறை, ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்தார்கள். பயந்த நோயாளிகளுக்குத் தைரியம் ஊட்டுவதற்காக எலிசபெத் தாமே கதிரின் முன் நின்று காட்டினார். சில ஆண்டுகளில் அவருடைய கைகளில் புண் கண்டது. படம் கழுவும் மருந்தினால் வந்தது என்று எண்ணினார். அது புற்றுநோயாக மாறியது. 1905ஆம் ஆண்டு தொடக்கத்தில் வலது கையை எடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், 38ஆம் வயதில், அவர் இறந்தார்.

அதற்கு முந்திய ஆண்டு, விஞ்ஞானி எடிசனிடம் எக்ஸ்ரே ஆராய்ச்சியில் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி என்பவரும் இவ்வாறே இறந்தார். அவருடைய இரு கைகளையும் வெட்டி எடுத்தும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. அதைக் கண்ட எடிசன் எக்ஸ்ரே ஆராய்ச்சியையே கைவிட்டார். இப்படி உயிர் நீத்தவர்களுக்காக 1936ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நினைவுக்கல் நாட்டினார்கள். பல நாட்டு மருத்துவர்கள், விஞ்ஞானிகள், தாதியர், படம் எடுத்த பணியாளர்கள் எனப் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டன. பிற்பாடு அந்த வரிசை 350 பெயர்களையும் தாண்டியது.

இதற்கிடையில் 1914ஆம் ஆண்டு முதல் உலகப் போர் தொடங்கியது. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையார், போர்முனைக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே வசதி இல்லாததைக் கண்டார். மோட்டார் வண்டிகளில் எக்ஸ்ரே கருவியையும் மின்சாரம் எடுக்கும் டைனமோவையும் பொருத்தி, ஏறத்தாழ 20 வண்டிகளைத் தயார் செய்தார். மருத்துவமனைகளில் 200 எக்ஸ்ரே நிலையங்கள் அமையவும் வழி செய்தார். தாமே வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டார். பதினேழு வயது மகள் ஐரீனும் உடன் வந்து உழைத்தாள். கருவிகளை இயக்க ஆள் வேண்டுமே என்று ஏறக்குறைய 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். எக்ஸ்ரே எடுப்பது தனியே கற்க வேண்டிய தொழில் என்பது இந்தப் போரில் நன்றாக நிலைபெற்றது.

போர் ஓய்ந்த பின், கற்ற பாடங்களைச் சட்டதிட்டமாக எழுத வேண்டிய நேரம் வந்தது. 1921ஆம் ஆண்டு பிரிட்டனில் எக்ஸ்ரே பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. 1928ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் நகரத்தில் அனைத்துலகக் குழு ஏற்பட்டது. ஈய உடுப்பு, ஈயம் பதித்த சுவர், தூரம், குறைந்த நேரம் ஆகியவை பணியாளரின் கவசங்கள் ஆயின. தூரத்தின் பயனைப் பாருங்கள்: கதிர் வரும் இடத்திலிருந்து இரண்டு மடங்கு விலகி நின்றால், நம் மீது படுவது நாலில் ஒரு பங்காகிவிடும். இன்று பணியாளர் சட்டையில் குத்தியிருக்கும் சிறு வில்லை, அவர் மீது பட்ட கதிரைக் கணக்கு வைக்கிறது. ஓராண்டில் அவருக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படக்கூடாது என்பது விதி. படம் எடுக்கும்போது அவர் அறையை விட்டு விலகிப் போவதற்கு இதுவே காரணம். நமக்கு எப்போதோ ஒரு படம். அவருக்கோ நாள் முழுதும் படங்கள்.

தமிழ்நாட்டிலும் இந்தத் தொழில் வேர் ஊன்றியது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1934ஆம் ஆண்டு கதிரியல் நிலையம் ஒன்று உருவானது. அதை வளர்த்த காப்டன் பர்னார்டு என்பவரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியது. உலு சிலாங்கூர்க் காடுகளிலும் தோட்டங்களை ஒட்டிய இடங்களிலும் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. ஆட்சித் தலைவராக இருந்த ஹென்றி கர்னி 1951ஆம் ஆண்டு கோலகுபு பாருவுக்கு அப்பால், பிரேசர் மலைப் பாதையில்தான் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளில் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கின்ராராவில் பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனை இயங்கியது. இன்று கோலாலம்பூரிலும் தெரண்டாக்கிலும் லூமுட்டிலும் மலேசிய ஆயுதப் படை மருத்துவமனைகள் இருக்கின்றன. சேவையில் இருப்பவர்களோடு, ஓய்வுபெற்ற படைவீரர்களும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள்.

முன்னாள் வீரர்கள் வரும் மருத்துவமனையில் எக்ஸ்ரே பணியாளரின் வேலை எப்படி இருக்கும்? இளம் சிப்பாய்க்குப் புதிய காயம் இருக்கும். முதியவருக்கோ பழைய காயமும் புதிய நோயும் சேர்ந்தே இருக்கும். முழங்கால் தேய்ந்திருக்கலாம், காது மந்தமாகியிருக்கலாம், மூச்சு வாங்கலாம். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பாய்ந்த இரும்புத் துண்டு இன்னமும் சதைக்குள் கிடக்கலாம். அதை அவரே மறந்தும் போயிருக்கலாம். இங்கேதான் பணியாளரின் கேள்வி உயிர் காக்கிறது. எம்.ஆர்.ஐ. என்னும் கருவி பலமான காந்தத்தால் வேலை செய்வது. கண்ணுக்குள் சிறு இரும்புத் தூள் இருந்தாலும் காந்தம் அதை அசைத்துப் பார்வையைக் கெடுத்துவிடும். ஆகவே, "ஐயா, எப்போதாவது குண்டடி பட்டதுண்டா? கண்ணில் இரும்பு தெறித்ததுண்டா?" என்று பணியாளர் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஐயம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பட்டறையில் இரும்பு தீட்டியவருக்கும் இதே கேள்விதான்.

அவர் செய்யும் வேலைகள் இன்னும் உண்டு. பெயரைச் சரிபார்ப்பார், வலப்பக்கம், இடப்பக்கம் அடையாளம் இடுவார், வலிக்கிற காலை வலிக்காமல் திருப்பி வைப்பார், உடம்பின் பருமனுக்குத் தக்கபடி கதிரின் அளவைக் குறிப்பார். அளவு தப்பினால் படம் தெளிவாக விழாது. மறுபடியும் எடுக்க வேண்டிவரும். படத்தைப் பார்த்து நோயைச் சொல்வது கதிரியல் டாக்டரின் பொறுப்பு. ஆகவே, "எனக்கு என்ன கோளாறு?" என்று நாம் கேட்கும்போது பணியாளர் பதில் சொல்லாவிட்டால், அதைக் கர்வம் என்று எண்ண வேண்டாம். அது அவர் காக்க வேண்டிய ஒழுங்கு.

தோட்டத்து மக்களுக்கு இந்தக் கதிர் செய்த பெரிய உதவி காசநோயில்தான். லயத்து வீடுகளில் நெருக்கமாக வாழ்ந்த குடும்பங்களில் ஒருவருக்கு வந்த இருமல் மற்றவரையும் பிடித்தது. 1961ஆம் ஆண்டு காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் நாடு தழுவித் தொடங்கியது. சளிப் பரிசோதனையோடு நெஞ்சுப் படமும் நோயைக் கண்டறிய உதவியது. போர்க்களத்தில் குண்டைத் தேடிய அதே கதிர், பால்மரம் வெட்டியவரின் நெஞ்சில் இருந்த நோயைக் காட்டிக் கொடுத்தது.

எக்ஸ்ரே எடுத்தால் கெடுதல் வரும் என்று அஞ்சி இன்றும் சிலர் தயங்குகிறார்கள். ஒரு நெஞ்சுப் படத்தில் நம் மீது படும் கதிர், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில நாட்களில் இயற்கையாக நம்மை அடையும் அளவுதான். தேவையின்றி எடுக்கக் கூடாது. டாக்டர் தேவை என்று சொன்னால் மறுக்கவும் கூடாது. கர்ப்பிணிப் பெண்களும், கர்ப்பமாக இருக்கலாம் என்று ஐயமுள்ளவர்களும் படம் எடுக்கும் முன்பே பணியாளரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். மலாய் மொழியில் ஜூரு எக்ஸ்ரே எனப்படும் இந்தப் பணிக்கு எஸ்.பி.எம். தேர்வில் கணிதமும் அறிவியலும் நன்றாக இருக்க வேண்டும். அதன் பின் மூன்றாண்டு டிப்ளோமா படிக்கலாம். மலேசியத் தேசியப் பல்கலைக் கழகத்தில் பட்டப் படிப்பும் உண்டு. 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் இதைப் பதிவு பெற்ற தொழில்களில் ஒன்றாக ஏற்றிருக்கிறது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண் பாதுகாப்பு ஏதும் இல்லாத நாளில் துணிந்து கற்ற வித்தை இது. இன்று நம் பிள்ளைகள் கவசத்தோடும் கண்காணிப்போடும் கற்கலாம். பெண் பிள்ளைகளும் தாராளமாகக் கற்கலாம்.

அடுத்த முறை படம் எடுக்கப் போகும்போது, பழைய காயங்களையும் முன்பு நடந்த அறுவை சிகிச்சைகளையும் மறைக்காமல் பணியாளரிடம் சொல்லுங்கள். முன்பு எடுத்த படம் கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். வெளியே வரும்போது அவருக்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு வாருங்கள்.