சன்னி 16 விதி

மீட்டர் இல்லாமல் வெயிலில் ஃபிலிமுக்கு எக்ஸ்போஷர் கணிக்கும் வழி. நிழல் கூர்மையாக விழும் வெயிலில் அப்பர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டி அமைக்க வேண்டும்: ஐஎஸ்ஓ 100 என்றால் 1/125 நொடி; எஃப்/11-க்கு மாற்றினால் 1/250. கேமரா மீட்டர் இருக்க இந்தத் தோராயக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். அந்த மீட்டர் பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து, எதையும் நடுச்சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் வெள்ளைச் சுவர் மங்கும், எருமை வெளுக்கும். விதியோ பொருள்மேல் விழும் வெயிலையே கணக்கில் கொள்கிறது. நண்பகலை ஒட்டி அது அதிகம் மாறுவதில்லை. சாய்வெயிலிலும் எதிர்வெளிச்சத்திலும் இது அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். அங்கே ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாகத் திறக்க வேண்டும். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் ஒளியைத் தாங்கும். ஸ்லைடு ஃபிலிமில் அரை ஸ்டாப் பிழைகூடத் தெரியும் என்பதால், அதற்கு மட்டும் விழும் ஒளியை அளக்கும் கைமீட்டரால் சரிபார்ப்பது நல்லது.