டெட்ஃபயர்: கம்பனிகள் மோதும் தீவுகள்

ஊவா மாகாணத்துக்குக் கடல் இல்லை. பதுளையில் இருந்துகொண்டு நான் கப்பல் ஓட்டியதெல்லாம் கணினித் திரையில்தான். 'பில்லர்ஸ் ஒஃப் எட்டர்னிட்டி 2: டெட்ஃபயர்', அமெரிக்காவின் ஒப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய, 2018 மே மாதம் வெளிவந்த கணினி விளையாட்டு. முதற்பாகம் 2015இல் வந்தது.

நம் கோட்டையை உடைத்துக்கொண்டு எழுந்துபோன ஈயோதாஸ் என்ற தெய்வத்தைத் துரத்தி, டெட்ஃபயர் தீவுகளுக்குக் கப்பலில் போவதே கதை. அது சீக்கிரம் முடிந்துவிடுகிறது, என்ன செய்தாலும் தெய்வம் நினைத்ததே நடக்கிறது என்பது விளையாடியோரின் பெருங்குறை. கப்பற்சண்டையை எழுத்தில் வாசித்து நடத்துவதும் பலருக்குப் பிடிக்கவில்லை. (எனக்குப் பிடித்தது.) ஆரம்ப விற்பனை மந்தம்.

பாராட்டப்பட்டது தீவுகளின் அரசியல். ஒளிரும் அட்ரா என்ற கனிமத்துக்காக வைலியன் வர்த்தகக் கம்பனியும், ரௌவட்டாய் பேரரசுக்காக ரோயல் டெட்ஃபயர் கம்பனியும் மோதுகின்றன. கடற்கொள்ளையர் வேறு. பூர்வகுடிகளான ஹுவானாக்களுக்கு ஓர் அரசி இருக்கிறார்.

ஆனால் அவர்களுக்குள்ளும் சாதி உண்டு. தலைநகர் நெக்கெட்டாக்காவின் அடிப்பள்ளத்தில் ரொபாரு மக்கள் வாழ்கிறார்கள். மேல்சாதியார் உண்ட மிச்சமே அவர்கள் பங்கு. துரை, கங்காணி, சாதி மூன்றையும் கண்ட லயத்துப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்த அணி நல்லது என்று விளையாடியோர் இன்னும் வாதிடுகிறார்கள். சேருவதற்கு நான்கு அணிகள் உள்ளன, ரொபாருவுக்கென்று ஒன்றுமில்லை. சொந்த மண்ணின் அணியிலும் அவர்கள் சாப்பிடுவது கடைசியில்தான்.

எவரோடும் சேராமல் கப்பலைப் பலப்படுத்தி, புயலைக் கடந்து கடைசித் தீவுக்குப் போகலாம். நான் அப்படித்தான் முடித்தேன். காசு நிறையப் போனது.