அம்புலியை மிரட்டிய தாய்மார்கள்

எங்கள் வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை குழி வெட்டியபோது கற்கருவிகளும் பானை ஓடுகளும் கிடைத்தன. அம்மா எனக்குப் பாடிய நிலாப் பாட்டின் வேரைத் தேட ஏடுகளைத்தான் தோண்ட வேண்டியிருந்தது.

பிள்ளையோடு விளையாட நிலாவைக் கூப்பிடுவதைப் பெரியாழ்வாரே பாடிவிட்டார். யசோதையாக நின்று முதலில் கெஞ்சுகிறார். பிறகு குரல் ஏறுகிறது: பொடியன்தானே என்று இகழாதே, இவன் யாரென்று மாவலியைப் போய்க் கேள்!

12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். அந்த இலக்கியத்தின் பத்துப் பருவங்களில் அம்புலியும் ஒன்று. அதில் சாமம், பேதம், தானம், தண்டம் நான்கையும் புலவர்கள் நிலாவிடம் காட்டுவார்கள். நீயும் இவனும் ஒப்பு, இல்லை, உனக்குத் தேய்வும் களங்கமும் உண்டு, இவனுக்கு இல்லை, வந்தால் நன்மை செய்வான், வராவிட்டால் தண்டிப்பான். பகை மன்னனிடம் நடத்தும் ராஜதந்திரம் குழந்தைப் பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது! எனக்கு இது இன்னமும் பெரிய வியப்பு.

அதற்காக எல்லாப் பாட்டிலும் ரகசியம் தேடக்கூடாது. ‘ரிங்கா ரிங்கா ரோசஸ்’ லண்டன் கொள்ளைநோயைச் சொல்கிறது என்பார்கள். நோய் வந்தது 1665-இல். பாட்டு இங்கிலாந்தில் அச்சேறியது 1881-இல். ஆய்வாளர்களான ஓப்பி தம்பதியர் அந்தக் கதையை ஏற்கவில்லை.

ஒரகடம் கம்பெனி வேலைக்கு வந்த வடநாட்டுக்காரப் பெண் ஒருத்தி எங்கள் தெருவில் குடியிருக்கிறாள். நிலா அவள் பிள்ளைக்குச் ‘சந்தா மாமா’, நமக்கு அம்புலிமாமா. பாற்கடலில் லட்சுமியோடு பிறந்தவன் சந்திரன். தாயாருக்கு உடன்பிறந்தவன் நமக்குத் தாய்மாமன்தானே என்பார்கள் பெரியவர்கள். 1947-இல் தொடங்கிய சிறுவர் பத்திரிகைக்கும் அந்த மாமன் பெயரைத்தான் வைத்தார்கள்.