சோதனையின் அளவும் சோதனையின் வரிசையும்: மகேந்திரகிரியை முன்வைத்து ஒரு வாதம்

மென்பொருள் குழுக்களில் ஒருவர் எழுதிய நிரல் பொதுத் தொகுப்பில் சேரும்போதெல்லாம் தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன. இதுவே தொடர் ஒருங்கிணைப்பு. சோதனைகள் பெருகினால் காத்திருப்பு நீளும். குறைந்தால் பிழை நழுவும். ஆகவே கவரேஜ் (நிரலின் எவ்வளவு பகுதியைச் சோதனைகள் ஓட்டிப் பார்க்கின்றன என்ற அளவு) வேண்டுமென்றால் நேரத்தை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. மென்பொருள் வல்லுநர் கென்ட் பெக் சோதனைகளை ஓட்டி முடிக்க வகுத்த பத்து நிமிட வரம்பையும் பலர் இந்தப் பேரத்தின் ஒரு புள்ளியாகவே படிக்கிறார்கள். எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்ற வரிசையைத் தீர்மானித்துவிட்டால் இந்தப் பேரத்தின் பெரும்பகுதி தேவையற்றுப் போகும் என்பது என் வாதம். அதற்கான சான்று திருநெல்வேலி மாவட்டத்திலேயே கிடைக்கிறது.

பணகுடிக்கு அருகே மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், 2023 ஜூலை 1 அன்று அரை கிரையோஜெனிக் இன்ஜினின் பவர் ஹெட் (உந்தறை நீங்கலான பகுதி) முதன்முறையாக எரியூட்டிச் சோதிக்கப்பட்டது. திட்டமிட்ட நேரமே 4.5 விநாடிதான். 1.9 விநாடி வரை எல்லாம் கணித்தபடி நடந்தது, 2.0ஆவது விநாடியில் டர்பைன் அழுத்தம் திடீரென ஏறி, சுழற்சி வேகம் விழுந்தது, சோதனை நிறுத்தப்பட்டது. 2025 மார்ச் 28 அன்று வெற்றி பெற்ற சோதனை 2.5 விநாடியே ஓடியது. இதே வளாகத்தில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான கிரையோஜெனிக் இன்ஜின் 2022 ஜனவரியில் 720 விநாடி தொடர்ந்து எரிந்தது. 2024 பிப்ரவரிக்குள் அவ்வகை நான்கு இன்ஜின்கள் 39 சோதனைகளில் மொத்தம் 8,810 விநாடி இயங்கின. மனிதப் பயணத் தகுதிக்குக் கேட்கப்பட்டது 6,350 விநாடி. பற்றுமா, டர்பைன் ஒழுங்காக வேகமெடுக்குமா என்பதே முதல் சோதனையின் கேள்வி. அதற்கு இரண்டு விநாடியில் விடை கிடைத்துவிட்டது. நெடுநேரம் தாங்குமா என்பது வேறு கேள்வி. குறுஞ்சோதனையை நெடுஞ்சோதனையின் குறைப்பிரசவமாகக் கருதுவது தவறு.

அளவு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற நம்பிக்கைக்கும் வரம்பு உண்டு. 2014 முதல் 2018 வரை ஆறு ஜிஎஸ்எல்வி ராக்கெட் பயணங்களில் உள்நாட்டுக் கிரையோஜெனிக் நிலை சரியாக இயங்கியது. 2021 ஆகஸ்ட் 12 அன்று ஜிஎஸ்எல்வி-எஃப்10 தோற்றது. ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு கசிந்து அழுத்தம் குறைந்திருந்தது. மென்பொருளிலும் இதுவே நிலை. சோதனைத் தொகுதியின் அளவைச் சமன்செய்து பார்த்தால் கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு வலுவாக இல்லை என்று ஆய்வாளர்கள் இனோசெம்ட்சேவாவும் ஹோம்ஸும் 2014இல் காட்டினர்.

இன்ஜினை எரிப்பதுதான் செலவு, கணினிச் சோதனைக்குச் சர்வர்களைக் கூட்டினால் போதாதா என்று கேட்கலாம். கூட்டலாம், ஆனாலும் ஆக நீளமான ஒரு சோதனை எடுக்கும் நேரத்துக்குக் கீழே காத்திருப்பு இறங்காது. காரணமின்றித் தோற்கும் சோதனைகளும் தொகுதி பெருக்கப் பெருகும். தோல்வியைக் காட்டும் சிவப்பைக் கண்டால் மறுபடி ஓட்டிப் பார்ப்போம் என்ற கெட்ட பழக்கம் அங்கேதான் பிறக்கிறது. குறுஞ்சோதனைகளை முதலில் ஓட்டி நெடுஞ்சோதனைகளைத் தள்ளிவைத்தால், தள்ளிவைத்த சோதனை பிழையை உள்ளே விடும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதை ஏற்கத்தான் வேண்டும். எனவே பணப் பரிமாற்றம், தரவு இடமாற்றம் ஆகியவற்றின் சோதனைகளை, எவ்வளவு நீண்டாலும், தள்ளிவைக்கக் கூடாது. மற்றவை இரவில் முழுமையாக ஓடட்டும். தோற்றால், காரணமான மாற்றம் தெரியும்வரை புதிய இணைப்புகள் நிற்கட்டும். இரவுச் சோதனையின் முடிவைக் காலையில் பார்த்து நடவடிக்கை எடுக்கப் பொறுப்பாளர் இல்லாத குழு, நேரம் போனாலும் ஒவ்வொரு முறையும் முழுத் தொகுதியையே ஓட்டுவது நல்லது.